விடு மச்சான்

ஓட்டல் வரவேற்பு மேசையில் இருந்தவன் நகரத்தின் வரைபடத்தை விரித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பேனாவால் பெரிய பெருக்கல் குறி ஒன்று போட்டான். பிறகு தன் கைக்கடிகாரத்தில் பத்தைத் தொட்டுக் காட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டினான். பத்து மணிக்கு மேல் அங்கே போகாதே என்று சொல்ல மொழி எதுவும் தேவைப்படவில்லை. சூப்பர்வைசர் பலமாகத் தலையாட்டி, வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரே பாலத்தில் ஏறி அந்தப் பக்கம் போனார். போகாதே என்றால் போகிற புத்தி அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

பதினாறு வருஷம் லிப்ட் கம்பெனியில் கிரீஸில் குளித்து எழுந்தவர். இரண்டு வருஷமாகத்தான் சூப்பர்வைசர், மடிப்புக் கலையாத சட்டை. கம்பெனி அவரைத் தனியாகப் பத்து நாள் பயிற்சிக்கு இந்த ஊருக்கு அனுப்பியிருந்தது. வகுப்பில் இருபது நாட்டுக்காரர்கள். யார் என்ன பேசினாலும் இவர் சிரித்து வைத்தார். பத்து நாளும் ஊமைப் படம் பார்த்த மாதிரிதான் போயிற்று. அன்று மாலை சான்றிதழ் கையில் கொடுத்துக் கை குலுக்கிவிட்டார்கள். மறுநாள் மதியம் விமானம்.

மனைவி போனில் முன்னெச்சரிக்கையாகவே ஆரம்பித்திருந்தாள். "அதான் சர்டிபிகேட் வாங்கியாச்சுல்ல? கதவைச் சாத்திட்டுப் படுங்க. தெரியாத ஊர்ல ராத்திரி சுத்த வேணாம்."

"நான் என்ன பால்குடிக்கிற பிள்ளையா?"

"அதுக்காவது ஒரு இடத்துல கிடக்கத் தெரியும்."

பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது. "அண்ணா, சாப்பிட்டியா?"

தங்கை மூன்று வருஷமாக அவர் வீட்டில்தான் இருக்கிறாள். அவள் புருஷனும் இவரோடு அதே கம்பெனியில் லிப்ட் மெக்கானிக்காக இருந்து, வேலை நேரத்தில் இறந்துபோனவர். பதினாறாம் நாளே போய்த் தங்கையைப் பெட்டி படுக்கையோடு கூட்டி வந்துவிட்டார் சூப்பர்வைசர். இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அடக்கம் என்று அதற்கும் பாராட்டு கிடைத்தது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் பயப்படும்படி ஒன்றுமில்லை என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு சின்ன மதுக்கடையில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் குடித்தார். வெளியே வந்தபோது பத்தரை. மழை பிடித்திருந்தது. போனில் சார்ஜ் இல்லை. வந்த வழி என்று நினைத்து நடந்த தெரு ஒரு பூட்டிய கிடங்கின் சுவரில் முட்டி நின்றது. திரும்பினால், தெரு முனையில் இரண்டு பேர்.

அவர் நடந்தார். அவர்களும் நடந்தார்கள்.

அவர் வேகம் கூட்டினார். பின்னால் செருப்புச் சத்தமும் வேகம் கூட்டியது. பாஸ்போர்ட் இருந்த உள்பையைக் கையால் அழுத்திப் பிடித்தபடி, வெளிச்சம் தெரிந்த முதல் வாசலுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியே பார்த்தால், அந்த இருவரும் குடையில்லாமல் நனைந்துகொண்டு பேசியபடி கடந்து போனார்கள். இவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாவம், அவர்களுக்கும் மழைதான்.

அது ஐந்து மாடிப் பழைய குடியிருப்பு. ஈரச் சுண்ணாம்பும் யாரோ தரை கழுவிவிட்ட பினாயிலும் கலந்த வாசனை. மாடிப்படியில் மங்கலாக ஒரு விளக்கு. மேலே எங்கோ மணி அடித்துக்கொண்டிருந்தது, விடாமல், ஒரே சீராக.

லிப்ட் அபாய மணி. அதை அவர் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடுவார்.

மூன்றாவது மாடியில் ஒரு கிழவி, வீட்டு உடுப்போடு, லிப்ட் கதவைக் கையால் தட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று ஏதோ சொன்னாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் கதவையும் மோதிர விரலையும் மாறி மாறிக் காட்டினாள். உள்ளே இருப்பது புருஷன். தன் போனைக் காட்டி இரண்டு கையையும் இரண்டு முறை விரித்தாள். லிப்ட்காரர்கள் வர இருபது நிமிஷம் ஆகும்.

இருபது நிமிஷம் காத்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் பத்து நாளாக மனிதக் கணக்கிலேயே சேராமல் இருந்தவருக்கு, அந்தப் படபடப்பான கையைப் பிடித்ததும் தலைக்கு மேல் ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது. சாவிக்கொத்தை எடுத்தார். அதில் லிப்ட் கதவை வெளியிலிருந்து திறக்கிற முக்கோணச் சாவி ஒன்று உண்டு. லிப்ட் வேலை பார்க்கிற எவனும் வீட்டுச் சாவியை மறந்தாலும் அதை மறக்க மாட்டான். அதைக் கிழவியின் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டி, தன் மார்பைத் தட்டிக்கொண்டார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கதவைத் திறந்தார். லிப்ட் பெட்டி மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் நின்றிருந்தது. அதன் தரை இவர் இடுப்பு உயரத்தில். உள்ளே ஒரு கிழவர் மூலையில் சாய்ந்து, கையில் குடையோடு, ஒரு விரலால் மணிப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் விரலை எடுக்காமலே சிரித்தார். பொக்கை வாய்.

"உக்காருங்க தாத்தா. அசையக் கூடாது. நான் மேல போயி இறக்கறேன்," என்று தமிழிலேயே சொல்லி, கையால் உட்காரு என்று காட்டினார். கிழவர் கட்டை விரலை உயர்த்தினார்.

இந்த இடத்தில் கதவை மறுபடி பூட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். திறந்த கதவைக் கண்டால் மாட்டிக்கொண்டவன் எப்படியும் வெளியே குதிக்கப் பார்ப்பான், அது மனித இயல்பு. பயிற்சியின் மூன்றாம் நாள் படம் போட்டுக் காட்டிய பாடமே அதுதான். சூப்பர்வைசர் பூட்டவில்லை. இருட்டில் கிழவர் பயப்படுவாரே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். உண்மையில், தான் திறந்த கதவு திறந்தே இருக்கட்டும், கிழவி பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்ற ஆசைதான்.

மொட்டை மாடியில் மோட்டார் அறை. உள்ளே போனதும் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பழைய கிரீஸ், சூடான செம்பு, எலிப் புழுக்கை. எந்த நாட்டிலும் மோட்டார் அறைக்கு ஒரே வாசனைதான். மெயின் சுவிட்சை இறக்கினார். பிரேக்கை விடுவிக்கும் இரும்புத் தடி சுவரில் மாட்டியிருந்தது. அதை எடுத்துப் பொருத்தினார். தடியை அழுத்தினால் பிரேக் விடும், பெட்டி தானாக நகரும். கையை எடுத்தால் நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி அடுத்த மாடிக்குக் கொண்டு நிறுத்த வேண்டும். ஐந்து நிமிஷ வேலை.

இரண்டு பேர் செய்கிற வேலை அது. மேலே ஒருவன், கீழே ஒருவன். அவர்கள் கம்பெனியில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவன், வடங்கள் இறங்கும் தரை ஓட்டை வழியாக, "விடவா?" என்று கத்துவான். கீழே இருப்பவன் எல்லாம் பார்த்துவிட்டு, "விடு" என்பான். அந்தச் சொல் காதில் விழாமல் மேலே இருப்பவன் சுண்டு விரலைக்கூட அசைக்கக் கூடாது. விழுந்தால் யோசிக்கவும் கூடாது. பதினோரு வருஷம் மேலே இவர், கீழே மாப்பிள்ளை, தங்கையின் புருஷன்.

"மாப்பிள, விடவா?"

"விடு மச்சான்!"

பதினோரு வருஷத்தில் மாப்பிள்ளை ஒரு தடவைகூடத் தப்பாக விடு என்று சொன்னதில்லை. சொல் வந்ததும் இவர் கை தானாக வேலை செய்யும். நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது.

கடைசி நாளில் அந்தச் சொல் வரவில்லை.

அன்று சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது. இவருக்கு அகோரப் பசி. ஒரு தடவை கத்தினார். பதில் இல்லை. இவ்வளவு நேரம் என்ன செய்கிறான் என்று எரிச்சல். சரி, முடித்திருப்பான் என்று பிரேக்கை விட்டுவிட்டார். லிப்ட் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே மாப்பிள்ளை குனிந்து, இரண்டு கையாலும் ஒரு தகட்டைப் பிடித்து முடுக்கிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வாய் சும்மா இல்லை. மாட்ட வேண்டிய ஸ்க்ரூவைப் பல்லில் கவ்வியிருந்தார். உடலை எடுத்தபோதும் அது பல்லிடுக்கில்தான் இருந்தது; இவரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்கள். சூப்பர்வைசர், அப்போது வெறும் மெக்கானிக், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "விடுன்னு சொன்னாரு சார். என் ரெண்டு காதால கேட்டேன்."

தப்பு செத்தவர் தலையில் எழுதப்பட்டது. கம்பெனி கையை விரித்தது. தங்கை அதை நம்பினாள். அண்ணன் சொன்னால் அவளுக்கு மறு பேச்சு கிடையாது. மூன்று வருஷமாகப் புருஷனின் படத்தின் முன்னால் நின்று, "அப்படி என்ன அவசரம் உங்களுக்கு? ஒரு நிமிஷம் பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சண்டை போடுகிறாள். பக்கத்து அறையில் படுத்திருக்கும் இவருக்கு அது ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும். இந்த ஒரு உண்மை மட்டும் அவள் காதுக்குப் போகாதவரை தனக்கு வீடு உண்டு, வேலை உண்டு, அண்ணன் என்ற பெயர் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்குப் பிறகு பிரேக் தடியில் கை வைப்பது இதுதான் முதல் தடவை.

உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பிடித்தார். தரை ஓட்டை வழியாகக் குளிர்ந்த காற்று மேலே வந்தது. கீழே மணி அடித்துக்கொண்டிருந்தது. கிழவரின் விரல் பொத்தானில் இருக்கிறது, அப்படியென்றால் ஆள் மூலையில் பத்திரமாக இருக்கிறார்.

நாக்கு பழக்க தோஷத்தில் தானே கத்தியது. "மாப்பிள, விடவா?"

கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்று உறைத்தது. அவருக்கே சிரிப்பு வந்தது. யாரிடம் கேட்கிறாய்? இந்த ஊரிலேயே உன் பாஷை தெரிந்தவன் நீ ஒருத்தன்தான்.

மணி நின்றது.

ஏன் நின்றது என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

அந்த அமைதியில், ஓட்டைக்கு நேர் கீழே, இருட்டில், மிகச் சின்னதாக ஒரு சத்தம். தகரத்தின் மேல் ஒரு ஸ்க்ரூ விழுந்து உருண்டது. யாரோ வாயிலிருந்து துப்பிய மாதிரி.

"விடு மச்சான்."

தெளிவாக. நிதானமாக. எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிற குரலில்.

அவர் கை அழுத்திவிட்டது.

அவர் அழுத்தவில்லை என்று பிற்பாடு எத்தனையோ முறை சொன்னார். அது பொய் என்றும் சொல்ல முடியாது. சொல் விழுந்தது, கை இயங்கியது. பெரிய சக்கரம் சுழன்றது. ஓர் ஆள் மட்டும் இருந்த பெட்டியை, மறுமுனையில் தொங்கிய எடை சுலபமாக மேலே இழுத்தது. பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. தடியை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. விரல்களுக்குத் தெரியவில்லை.

கீழே கிழவி அலறினாள்.

சக்கரம் ஒரு கணம் எதிலோ தயங்கியது. பிறகு தயங்கவில்லை.

அவர் எப்படிப் படியிறங்கினார் என்று அவருக்கு நினைவில்லை. மூன்றாவது மாடித் தரையில் குடை கிடந்தது. கதவு திறந்துதான் இருக்கிறதே, இறங்கி வந்துவிடு என்று கிழவி கூப்பிட்டிருக்கிறாள். கிழவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, அவள் கையைப் பிடித்திருக்கிறார். அந்த நேரத்தில்தான் பெட்டி கிளம்பியிருக்கிறது. இப்போது பெட்டியின் தரை, கதவின் மேல்சட்டத்தோடு ஒட்டி நின்றது. அந்த இடுக்கிலிருந்து ஒரு கை மட்டும் கீழே தொங்கியது. கிழவி அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் இவரைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. மேலே கையைக் காட்டி, சாவியைக் காட்டி, மறுபடியும் இவரையே கெஞ்சினாள்.

சூப்பர்வைசர் படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

காவல் நிலையத்தில் அவரை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஜன்னல் கிடையாது. எதிரே ஓர் அதிகாரி, தூக்கம் கெட்ட முகம். அவர் மேசை நடுவில் ஒரு போனை வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். எங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார். நான் மொழிபெயர்ப்பாளர். நீங்க தமிழ்ல சொல்றதை நான் இவங்க பாஷையில சொல்லுவேன். ஒரு வார்த்தை கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். பயப்படாம பேசுங்க."

பத்து நாளுக்குப் பிறகு, வீட்டுக்காரர்களைத் தவிர வேறொருவர் வாயால் தமிழ் கேட்டதும் அவருக்கு அழுகை முட்டியது. அதிகாரி கேட்டார். அவள் தமிழில் கேட்டாள். "கீழ ஆள் இறங்கிட்டிருக்கும்போது ஏன் சார் பிரேக்கை விட்டீங்க?"

"கீழேருந்து குரல் வந்துச்சும்மா. விடுன்னு சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன்."

சொல்லி முடித்ததும்தான் கவனித்தார். அதே வார்த்தைகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பொய்யாகச் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். இன்றைக்கு அது சத்தியம். இதை இந்த உலகத்தில் ஒருத்தனும் நம்பப்போவதில்லை.

அவள் மொழிபெயர்த்தாள். அதிகாரி எழுதினார்.

அவள் இன்னும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி பக்கத்தைத் திருப்பினார். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து இவரை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து எழுதினார். இரண்டாவது பக்கமும் நிறைந்தது.

"ஏம்மா, நான் ரெண்டு வரிதானே சொன்னேன்?"

"ஆமா சார், உங்களுது ரெண்டு வரிதான். மிச்சம் உங்க கூட இருக்கிறவர் சொன்னது."

"என் கூட யாரும்மா இருக்கா?"

"பக்கத்துல பேசறாரே சார். வாயில என்னமோ கவ்விக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு, அதான் நிறுத்தி நிறுத்திக் கேட்டுச் சொல்ல வேண்டியிருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். சுவர். மறுபக்கம் பார்த்தார். சுவர். ஒரு மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. எதிரே அதிகாரி, ஒரே ஒருவர், பேனாவைப் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா சொல்றாரு? அவரு என்ன சொல்றாரு?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லிட்டார் சார். எழுதியாச்சு. உங்க ஊர் கம்பெனிக்கும் அனுப்பணும்னு அதிகாரி சொல்றார்." காகிதம் புரட்டும் சத்தம் வந்தது. "அப்புறம் ஒரு போன் நம்பர் கொடுத்தார். அவரோட வீட்டம்மாவாம். அவங்க கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு அதிகாரி சொல்றார். லைன்ல சேக்கறேன் சார்."

"வேணாம்மா. அவளுக்கு வேணாம். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், போடாதம்மா!"

அதையும் அவள் ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தாள். அதிகாரி அசையவில்லை.

மணி போயிற்று. நாலு முறை. அங்கே விடிகிற நேரம்.

"ஹலோ?" தங்கை, தூக்கக் கலக்கத்தில்.

  அறையில் யாரும் பேசவில்லை. குழல் விளக்கின் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை.

ஆனால் போனின் அந்தப் பக்கம் தங்கை மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். பிறகு, மூன்று வருஷமாக அவர் வீட்டில் ஒரு தடவைகூடக் கேட்டிராத குரலில், மெதுவாக, "சொல்லுங்க" என்றாள்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். கொஞ்சம் விட்டு, மறுபடி "ம்" என்றாள். ஒரு கட்டத்தில் அழ ஆரம்பித்து, அதை அடக்கிக்கொண்டு, "சரிங்க, மேல சொல்லுங்க" என்றாள்.

"பொய்! அது பொய்ம்மா! போனை வை! நான் வந்து எல்லாம் சொல்றேன், போனை வைம்மா!" சூப்பர்வைசர் மேசையை அடித்துக் கத்தினார்.

"அண்ணா, நீ கொஞ்ச நேரம் பேசாம இரு," என்றாள் தங்கை. "அவர் சொல்லி முடிக்கட்டும்."